நெப்ராஸ்காவின் ஒமாஹா தொகுதி எப்படி ஓட்டுப் போடுகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒமாஹாவில் வேலை கிடைத்து வந்து சேரும் தமிழர்களும், அமெரிக்கத் தேர்தல் இரவில் டிவி வரைபடத்தைப் பார்த்துவிட்டு ஊரிலிருந்து போன் செய்பவர்களும் என்னிடம் கேட்கும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒரே மாதிரிதான். முழுக்கச் சிவப்பாக இருக்கும் மாநிலத்தின் கிழக்கு ஓரத்தில் ஏன் ஒரு நீலப் புள்ளி? ட்ரம்பை அமோகமாக ஜெயிக்க வைத்த அதே நாளில் மருத்துவக் கஞ்சாவை எப்படி ஆதரித்தார்கள்? கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். எண்கள் பெரும்பாலும் 2024 நவம்பர் 5 தேர்தலுடையவை. சிவப்பு என்றால் குடியரசுக் கட்சி, நீலம் என்றால் ஜனநாயகக் கட்சி. இது தெரிந்தால் மீதியைப் படித்துவிடலாம்.

ஒமாஹா தொகுதி, ஒமாஹா தொகுதின்னு சொல்றாங்களே, அது சரியா எந்த இடம்?

அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழவைக்கு நெப்ராஸ்கா மூன்று பேரை அனுப்புகிறது. அதில் 2-வது தொகுதிதான் இது. ஒமாஹா நகரம் இருக்கும் டக்ளஸ் கவுன்டி (கவுன்டி என்றால் நம் ஊர் மாவட்டம் மாதிரி) முழுவதும், பக்கத்துச் சாண்டர்ஸ் கவுன்டி, தெற்கே சார்பி கவுன்டியின் மேற்குப் பகுதி ஆகியவை சேர்ந்தது. 2020 கணக்கெடுப்பில் மாநிலத்தின் மக்கள்தொகை 19,61,504. அதை மூன்றாகப் பிரித்தால் தொகுதிக்கு சுமார் 6,54,000 பேர்.

1-வது தொகுதி தலைநகர் லிங்கனைச் சுற்றியது. 3-வது தொகுதி மீதி எல்லாம், அதாவது சோளக்காடும் மாட்டுப் பண்ணையுமாக மேற்கு எல்லை வரை. அந்த இரண்டிலும் யார் ஜெயிப்பார்கள் என்று யாரும் தூக்கம் கெட்டு உட்கார்ந்திருப்பதில்லை.

அப்போ 49 தொகுதின்னு வேற ஒண்ணு சொல்றாங்களே?

அது மாநிலச் சட்டமன்றத்துக்கானது. நெப்ராஸ்கா சட்டமன்றத்தில் ஒரே அவை, 49 உறுப்பினர்கள், ஒரு தொகுதிக்கு சுமார் 40,000 பேர். அமெரிக்காவின் 50 மாநிலங்களில் ஒரே அவை உள்ளது இது ஒன்றுதான். (தமிழ்நாட்டில் 1986-இல் மேலவையைக் கலைத்ததால் நமக்கு இது விசித்திரமாகத் தெரியாது. இங்கே மற்ற மாநிலத்துக்காரர்களுக்குத்தான் ஆச்சரியம்.) உறுப்பினர்களை செனட்டர் என்றே அழைப்பார்கள், அதனால் வாஷிங்டன் செனட்டர்களோடு போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

இன்னொரு விசேஷம், இந்த 49 இடங்களுக்கான ஓட்டுச்சீட்டில் வேட்பாளர் பெயருக்குப் பக்கத்தில் கட்சிப் பெயர் இருக்காது. யார் எந்தக் கட்சி என்று எல்லோருக்கும் தெரியும், ஆனால் சீட்டில் அச்சாகாது. இப்படி ஓர் அவையை உருவாக்கியதே மக்கள் ஓட்டுதான். 1934-இல் நெப்ராஸ்காவின் வாஷிங்டன் செனட்டர் ஜார்ஜ் நாரிஸ் ஊர் ஊராகப் போய்ப் பிரசாரம் செய்து அதை ஜெயிக்க வைத்தார். அதே நாளில் மதுவிலக்கை நீக்குவதும், குதிரைப் பந்தயத்தில் பணம் கட்டுவதை அனுமதிப்பதும் சேர்ந்தே ஓட்டுக்கு வந்து, மூன்றும் ஜெயித்தன. புதிய அவை 1937-இல் கூடியது.

2024-ல இந்தத் தொகுதி யாருக்குப் போட்டது? சுருக்கமா சொல்லுங்க.

அதிபர் பதவிக்குக் கமலா ஹாரிஸ்: சுமார் 51 சதவீதம், ட்ரம்புக்கு சுமார் 47. கீழவைக்குக் குடியரசுக் கட்சியின் டான் பேக்கன்: 50.9 சதவீதம், ஜனநாயகக் கட்சியின் டோனி வர்காஸுக்கு 49.1. மேலே நீலம், கீழே சிவப்பு. ஒரே சீட்டு, ஒரே நாள்.

ஊரிலிருந்து போன் செய்தவர்களில் பாதிப் பேர் கேட்டது துளசேந்திரபுரத்துப் பேத்திக்கு ஒமாஹாவில் எப்படி ஓட்டு விழுந்தது என்றுதான். அவருடைய வேர்களுக்கும் இந்த முடிவுக்கும் தொடர்பு இல்லை. 2020-இல் பைடனும் இங்கே ஜெயித்தார், அதுவும் இதைவிடக் கொஞ்சம் கூடுதல் வித்தியாசத்தில்.

ஒரு தொகுதியில ஜெயிச்சதுக்கே அதிபர் தேர்தல் கணக்குல ஒரு ஓட்டுன்னா, மத்த மாநிலத்துல ஏன் அப்படி இல்லை?

அதிபர் யார் என்பதை முடிவு செய்வது மக்கள் ஓட்டின் மொத்தம் அல்ல, மாநிலங்களுக்கு ஒதுக்கப்பட்ட எலக்டோரல் ஓட்டுகள். 270 எடுத்தவர் ஜெயிப்பார். அவற்றை எப்படிப் பங்கிடுவது என்பது அந்தந்த மாநிலத்தின் முடிவு. 48 மாநிலங்களில் மாநிலம் முழுக்க முந்தியவருக்கே எல்லாமும் போகும். மெய்ன் 1972 தேர்தலிலிருந்தும், நெப்ராஸ்கா 1992 தேர்தலிலிருந்தும் வேறு வழியில் போகின்றன. நெப்ராஸ்காவின் 5 ஓட்டுகளில் 2 மாநில அளவில் ஜெயித்தவருக்கு, மீதி 3 தொகுதிக்கு ஒன்று. 2024-இல் ட்ரம்புக்கு 4, ஹாரிஸுக்கு 1.

சட்டம் வந்து 16 வருடம் ஒரு தடவைகூட ஓட்டு பிரியவில்லை. 2008-இல் ஒபாமா ஒமாஹா தொகுதியை ஒரு சதவீதப் புள்ளி சொச்சத்தில் பிடித்தபோதுதான் முதல் தடவை பிரிந்தது. 2012-இல் ராம்னி, 2016-இல் ட்ரம்ப், 2020-இல் பைடன், 2024-இல் ஹாரிஸ். இந்தப் பட்டியலைப் பார்த்தால், நிரந்தர நீலப் புள்ளி என்று சொல்ல எனக்குத் தயக்கம்தான்.

அந்த ஒரு ஓட்டை ரத்து பண்ணப் பார்த்தாங்களாமே?

ஆமாம், 2024 செப்டம்பரில், தேர்தலுக்கு சில வாரம் முன்பு. காரணம் ஒரு கணக்கு. ஹாரிஸ் பென்சில்வேனியா, மிச்சிகன், விஸ்கான்சின் மூன்றையும் ஜெயித்து மற்ற போட்டி மாநிலங்களைத் தோற்றால், ஒமாஹாவின் ஒன்றைச் சேர்த்துச் சரியாக 270 வரும். சேர்க்காவிட்டால் 269-க்கு 269 என்று சமன். அதனால் தென் கரோலினா செனட்டர் லிண்ட்சி கிரஹாம் லிங்கனுக்கே நேரில் வந்து பேசினார். ஆளுநர் ஜிம் பில்லனும் சிறப்புக் கூட்டம் கூட்டத் தயாராக இருந்தார்.

இங்கே ஒரு மசோதாவை இழுத்தடிப்பவர்களை மீறி நிறைவேற்ற 49-இல் 33 பேர் வேண்டும். (இந்த 33-ஐ மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் மறுபடி வரும்.) ஒமாஹாவின் மாநில செனட்டர் மைக் மெக்டானல் அதே வருடம்தான் ஜனநாயகக் கட்சியிலிருந்து குடியரசுக் கட்சிக்குத் தாவியிருந்தார். அவரே தேர்தலுக்கு முன் இதை மாற்றச் சம்மதிக்க மாட்டேன் என்றதும் விஷயம் முடிந்தது. 2025-இலும் மசோதா வந்தது, 33 கிடைக்கவில்லை. கடைசியில் ட்ரம்ப் 312 எடுத்ததால் அந்த ஒன்று எதையும் மாற்றவில்லை என்பது வேறு கதை.

மேலே ஹாரிஸுக்கும் கீழே பேக்கனுக்கும் ஒரே ஆள் போடுவாங்களா? நம்பவே முடியலையே.

போடுவார்கள். ஆனால் எத்தனை பேர் என்று முடிவுகளை மட்டும் வைத்துச் சரியாகச் சொல்ல முடியாது. நூறு பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹாரிஸுக்கு 51, ட்ரம்புக்கு 47, மற்றவர்களுக்கு 2. கீழவைக்கு பேக்கன் 51, வர்காஸ் 49. ஹாரிஸுக்குப் போட்டவர்களில் குறைந்தது 2 பேர் வர்காஸுக்குப் போடவில்லை என்பது மட்டும் நிச்சயம். ஆனால் 7 பேர் இந்தப் பக்கமிருந்து பேக்கனுக்குப் போய், 5 பேர் ட்ரம்ப் பக்கமிருந்து வர்காஸுக்கு வந்திருந்தாலும் இதே எண்கள்தான் வரும். ஓட்டு ரகசியம், மொத்தம்தான் நம் கையில். "4 சதவீதம் பேர் மாற்றிப் போட்டார்கள்" என்று யாராவது துல்லியமாகச் சொன்னால், எப்படித் தெரியும் என்று கேளுங்கள்.

ஏன் என்பது இதைவிட எளிது. பேக்கன் விமானப்படையில் பிரிகேடியர் ஜெனரலாக இருந்து ஓய்வு பெற்றவர், 2016 முதல் தொகுதியைக் கையில் வைத்திருப்பவர், உக்ரைன் விஷயத்தில் தன் கட்சியோடு வெளிப்படையாக முரண்பட்டவர். 2020-இலும் பைடன் ஜெயித்த இதே தொகுதியில் அவர் ஜெயித்தார். 2022-இல் இதே வர்காஸை 51.3-க்கு 48.7 என்று தோற்கடித்தார். புறநகரில் இருக்கும் ஒரு வகை வாக்காளர்களுக்கு ட்ரம்ப் வேண்டாம், ஆனால் குடியரசுக் கட்சி வேண்டும்.

சட்டத்துக்கே நேரா ஓட்டுப் போடறதுன்னா என்ன? அதை யார் சீட்டுல வைக்கிறாங்க?

நெப்ராஸ்காவில் 1912 முதல் இது இருக்கிறது. இரண்டு வகை முக்கியம். புதிய சட்டத்தையோ அரசியலமைப்புத் திருத்தத்தையோ மக்களே கொண்டுவருவது இனிஷியேட்டிவ். சட்டமன்றம் நிறைவேற்றிய சட்டத்தைத் தடுக்க மக்கள் ஓட்டுக்கு இழுப்பது ரெஃபரண்டம். இரண்டையும் சேர்த்து இனி முன்மொழிவு என்று எழுதுகிறேன்.

சீட்டில் ஏற்றக் கையெழுத்து வேண்டும். சாதாரணச் சட்டத்துக்குப் பதிவு பெற்ற வாக்காளர்களில் 7 சதவீதம், அரசியலமைப்புத் திருத்தத்துக்கு 10, ரெஃபரண்டத்துக்கு 5. 2024-இல் 7 சதவீதம் என்பது 86,000-க்கு மேல், 10 சதவீதம் என்பது 1.2 லட்சத்துக்கு மேல். கிளிப்போர்டோடு ஒமாஹா கடை வாசலில் நின்று எல்லாவற்றையும் வாங்கிவிடவும் முடியாது. மாநிலத்தின் 93 கவுன்டிகளில் குறைந்தது 38-இல், அங்குள்ள வாக்காளர்களில் 5 சதவீதம் பேராவது கையெழுத்திட்டிருக்க வேண்டும். சில கவுன்டிகளில் மொத்த மக்கள்தொகையே சில நூறுதான் என்பதால், ஒரு கிராமத்துச் சந்தையில் கிடைக்கும் இருபது கையெழுத்துக்கு ஆட்கள் இரண்டு மணி நேரம் கார் ஓட்டிப் போவார்கள்.

2024-ல அப்படி எத்தனை இருந்துச்சு? என்ன ஆச்சு?

ஆறு. எண் 434, கருவுற்று முதல் மூன்று மாதம் தாண்டிய கருக்கலைப்பை விதிவிலக்குகளோடு தடை செய்வது: சுமார் 55 சதவீதம் ஆதரவு, ஜெயித்தது. எண் 439, கரு வெளியே உயிர் பிழைக்கும் கட்டம் வரை கருக்கலைப்பை உரிமையாக்குவது: 49 சதவீதம், தோற்றது. எண் 435, தனியார் பள்ளிகளில் படிப்பவர்களுக்கு அரசுப் பணத்தில் உதவித்தொகை தரும் சட்டம் வேண்டுமா என்பது: 57 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். எண் 436, சம்பளத்தோடு உடம்பு சரியில்லாத விடுப்பு: ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு ஆதரவு. எண் 437, மருத்துவர் பரிந்துரையோடு 5 அவுன்ஸ் வரை கஞ்சா வைத்திருக்க அனுமதி: 71 சதவீதம். எண் 438, அதை ஒழுங்குபடுத்த ஓர் ஆணையம்: 67 சதவீதம்.

435-க்குப் பின்னால் ஒரு மல்லுக்கட்டு உண்டு. 2023-இல் சட்டமன்றம் முதலில் ஒரு உதவித்தொகைச் சட்டம் போட்டது. எதிர்த்தவர்கள் கையெழுத்து வாங்கி அதை ஓட்டுக்குக் கொண்டுவந்தார்கள். ஓட்டு நடப்பதற்குள் சட்டமன்றம் தன் சட்டத்தைத் தானே ரத்து செய்து, வேறு வடிவில் புதிதாக ஒன்று போட்டது. பழைய கையெழுத்துகள் அத்தனையும் வீண். அவர்கள் மறுபடி வெயிலில் நின்று புதிதாக வாங்கினார்கள். அந்த 57 சதவீதத்தில் கொஞ்சம் இந்தக் கோபமும் கலந்திருக்கும் என்பது என் ஊகம்.

கருக்கலைப்புக்கு எதிரெதிரா ரெண்டு இருந்துச்சே, ரெண்டும் ஜெயிச்சிருந்தா?

மோதும் பகுதிகளில் அதிக ஆதரவு ஓட்டு வாங்கியது செல்லும் என்று மாநில அரசியலமைப்பு சொல்கிறது. எத்தனை சதவீதம் என்பது கணக்கில்லை, "ஆதரவு" என்று விழுந்த ஓட்டின் எண்ணிக்கைதான் கணக்கு. 439 தோற்றதால் அந்த நிலை வரவில்லை.

இரண்டின் ஆதரவையும் கூட்டினால் 100-ஐத் தாண்டுகிறது பாருங்கள். அதாவது இரண்டுக்கும் "ஆம்" போட்டவர்கள் இருந்தார்கள். அவர்களை முட்டாள்கள் என்று சொல்லி நகர்ந்தவர்கள் உண்டு, எனக்கு அது சரியாகப் படவில்லை. முதல் மூன்று மாதம் என்ற வரம்பு மாநிலத்தில் 2023 முதலே சட்டமாக இருந்தது. அது நடுவழி என்று நினைத்த ஒருவர், இன்னும் கடுமையான தடை வந்துவிடக் கூடாது என்ற பயத்தில் இரண்டிலும் "ஆம்" போட இடமிருந்தது. ஓட்டுச்சீட்டு வாசகமும் ஒரே வாசிப்பில் புரியும்படி இல்லை.

"தக்கவை", "நீக்கு"ன்னு போட்டிருந்தாங்க, எதுக்கு எது போடணும்னே புரியலை.

ரெஃபரண்டத்தில் "ஆம், இல்லை" கிடையாது. சட்டத்தைத் தக்கவைக்கவா, நீக்கவா என்று கேட்பார்கள். 435-இல் "நீக்கு" என்றால் உதவித்தொகைச் சட்டம் போகும். இது பரவாயில்லை.

தலை சுற்றியது 2016-இல். அதற்கு முந்தைய வருடம் சட்டமன்றம் மரண தண்டனையை ஒழித்தது, ஆளுநர் பீட் ரிக்கெட்ஸ் தடுத்ததையும் 30-க்கு 19 என்று மீறி. எதிர்த்தவர்கள் அதை ஓட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அப்போது "நீக்கு" என்றால் மரண தண்டனையை நீக்கிய சட்டத்தை நீக்குவது, அதாவது மரண தண்டனை இருக்கட்டும் என்று அர்த்தம். 61 சதவீதம் பேர் அப்படித்தான் போட்டார்கள். பழைய முடிவுகளைப் படிக்கும்போது, எந்தச் சட்டத்தை நீக்குவது என்று ஒரு தடவை பார்த்துவிட்டு அப்புறம் முடிவுக்கு வாருங்கள்.

ட்ரம்புக்கு 59 சதவீதம் கொடுத்த மாநிலம் இது. கஞ்சாவும் சிக் லீவும் எப்படி ஜெயிச்சுது?

இதுதான் என்னிடம் அதிகம் வரும் கேள்வி. வேட்பாளருக்குப் போடும்போது ஒரு கட்சி, ஒரு முகம், பத்துப் பதினைந்து கொள்கைகள் எல்லாம் ஒரே மூட்டையாக வருகின்றன. பிரித்து எடுக்க முடியாது. முன்மொழிவில் ஒரு விஷயம்தான், பக்கத்தில் கட்சிப் பெயர் கிடையாது. ஒரே மனிதர் இரண்டுக்கும் இரண்டு விதமாகப் பதில் சொல்வதில் முரண் இல்லை. மளிகைக் கடையில் மகன் வேலை பார்க்கும் ஒரு ட்ரம்ப் ஆதரவாளர், மகனுக்குக் காய்ச்சல் வந்தால் சம்பளம் போகக் கூடாது என்று நினைப்பதற்கு ஜனநாயகக் கட்சியில் சேர வேண்டியதில்லை.

நெப்ராஸ்காவில் இது வழக்கமாகவே நடக்கிறது. ஏழைகளுக்கான மெடிக்கெய்ட் மருத்துவக் காப்பீட்டை விரிவாக்கச் சட்டமன்றம் பல தடவை மறுத்த பிறகு, 2018-இல் மக்கள் 53 சதவீதத்துக்கு மேல் ஆதரித்து நிறைவேற்றினார்கள். அதைக் கடுமையாக எதிர்த்த ரிக்கெட்ஸையும் அன்றே சுலபமாக மறுபடி ஆளுநராக்கினார்கள். 2020-இல் அவசரக் கடன் கடைகளின் வட்டிக்கு உச்சவரம்பு: 80 சதவீதத்துக்கும் மேல் ஆதரவு. 2022-இல் குறைந்தபட்சக் கூலியை 2026-க்குள் படிப்படியாக 15 டாலராக்குவது: 58 சதவீதத்துக்கு மேல். அதே நாளில் வாக்காளர் அடையாள அட்டைக் கட்டாயமும் 65 சதவீதத்தோடு ஜெயித்தது. கூலி உயர்வு இடதுசாரி, அடையாள அட்டை வலதுசாரி என்று பெயர் ஒட்டுவது நாம்தான்.

ஆனால் எல்லாமே ஒரே மாதிரி பரவலாக ஜெயிப்பதில்லை. மெடிக்கெய்டைத் தூக்கி நிறுத்தியது ஒமாஹா, லிங்கன் ஓட்டு. மாநில மக்களில் பாதிக்கு மேல் டக்ளஸ், சார்பி, லங்காஸ்டர் என்ற மூன்றே கவுன்டிகளில் இருப்பதால் அது சாத்தியம். கஞ்சா அப்படி இல்லை.

கஞ்சாவுக்கு 49 தொகுதியும் ஆதரவுன்னு படிச்சேன். உண்மையா?

437-க்கு உண்மை. 49 சட்டமன்றத் தொகுதிகளிலும் பெரும்பான்மை கிடைத்தது, ஹாரிஸுக்கு அதிகம் ஓட்டு விழாத மேற்கத்திய மாட்டுப் பண்ணைத் தொகுதிகள் உட்பட. 438-க்கு ஒரு சில தொகுதிகள் தவிர மற்ற எல்லாவற்றிலும். இது சுலபமாக வந்ததல்ல. 2020-இல் கையெழுத்து போதுமான அளவு கிடைத்தும், ஒரே முன்மொழிவில் பல விஷயங்களைக் கலந்துவிட்டார்கள் என்று மாநில உச்ச நீதிமன்றம் சீட்டிலிருந்து எடுத்துவிட்டது. 2022-இல் கையெழுத்து போதவில்லை. 2024-இல் அனுமதி தனி, ஆணையம் தனி என்று இரண்டாக வெட்டிக்கொண்டு வந்ததற்கு அந்த 2020 அடிதான் காரணம்.

அப்போ 49 உறுப்பினரும் அதை ஆதரிச்சிருக்கணுமே?

அப்படித்தான் தோன்றும். 2025 மே மாதம் கஞ்சா விற்பனையை விரிவாக ஒழுங்குபடுத்தும் மசோதா அவைக்கு வந்தபோது 33-க்குப் பக்கத்தில்கூடப் போகவில்லை. தொகுதியில் பெரும்பான்மை "ஆம்" சொல்லியும் உறுப்பினர் "இல்லை" சொன்னார்.

சட்டப்படி இதில் தவறில்லை, தொகுதியின் ஓட்டு உறுப்பினரைக் கட்டுப்படுத்தாது. அவர்கள் சொல்லும் காரணம், மக்கள் ஆதரித்தது யோசனையை, இந்த மசோதாவின் விவரங்களை அல்ல என்பது. அதில் கொஞ்சம் நியாயம் உண்டு. ஆனால் அடையாள அட்டை முன்மொழிவு ஜெயித்தபோது, விவரச் சட்டத்தை 2023-இல் அதே சட்டமன்றம் எழுதி முடித்துவிட்டது. மக்கள் தீர்ப்பு என்ற சொல் சிலருக்குச் சில முன்மொழிவுகளில் மட்டும் ஞாபகம் வருகிறது.

மக்கள் போட்ட சட்டத்தை சட்டமன்றம் மாத்தலாமா?

சாதாரணச் சட்டமாக வந்திருந்தால் மாற்றலாம், 49-இல் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். அதே 33. உடம்பு சரியில்லாத விடுப்புச் சட்டத்தில் அதுதான் நடந்தது. 30 மணி நேர வேலைக்கு ஒரு மணி நேர விடுப்பு என்பது மக்கள் ஓட்டுப் போட்டது. 2025-இல் 10 அல்லது அதற்குக் குறைவான ஊழியர்கள் உள்ள நிறுவனங்களுக்கு விலக்கு கொடுத்துத் திருத்தினார்கள். அக்டோபர் 1, 2025 முதல் அந்தத் திருத்திய வடிவம்தான் நடைமுறையில். உங்கள் ஊர்க்காரர் வைத்திருக்கும் சின்ன ஓட்டலில் வேலை செய்பவருக்கு இது கிடைக்குமா என்று கேட்டால், ஆட்களை எண்ணிப் பாருங்கள்.

அரசியலமைப்புத் திருத்தமாக வந்ததை சட்டமன்றம் தானாகத் தொட முடியாது, மறுபடி மக்களிடம்தான் போக வேண்டும். அதனால்தான் 434, 439 இரண்டு தரப்புமே கூடுதல் கையெழுத்து வாங்கும் சிரமத்தைப் பார்க்காமல் திருத்தமாகக் கொண்டுவந்தன.

தொகுதிவாரியா முன்மொழிவு முடிவு எங்கே பார்க்கறது? கவுன்டிவாரியாத்தான் கிடைக்குது.

அதிபர், கீழவை ஓட்டு தொகுதிவாரியாக அறிவிக்கப்படும், ஏனென்றால் முடிவே அதை வைத்துத்தான். முன்மொழிவு மாநிலம் முழுமைக்குமானது, அதனால் கவுன்டிவாரி எண்கள்தான் முதலில் கண்ணில் படும். தொகுதிக்கு வேண்டுமென்றால், வாக்குச்சாவடிப் பகுதிவாரி எண்களை எடுத்து, எந்தப் பகுதி எந்தத் தொகுதியில் என்று பார்த்துக் கூட்ட வேண்டும்.

அவசரத்தில் டக்ளஸ் கவுன்டி எண்ணையே ஒமாஹா தொகுதி எண் என்று எடுத்துக்கொள்பவர்கள் உண்டு. தொகுதியில் டக்ளஸ்தான் பெரும்பங்கு, ஆனால் சாண்டர்ஸும் சார்பியின் மேற்கும் அதைவிடச் சிவப்பு. டக்ளஸ் எண்ணை மட்டும் பார்த்தால் தொகுதி உள்ளதைவிட நீலமாகத் தெரியும். பேக்கன் ஜெயித்தது போன்ற இரண்டு புள்ளிப் போட்டியில் அந்தப் பிழையே முடிவைத் திருப்பிக் காட்டிவிடும்.

2020-ல பைடன் 6 புள்ளி சொச்சம், 2024-ல ஹாரிஸ் 4 புள்ளி சொச்சம். தொகுதி சிவப்பா மாறுதுன்னு சொல்லலாமா?

நேரடியாகச் சொல்லக் கூடாது. நடுவில் 2021-இல் எல்லையை மாற்றினார்கள். சார்பியில் சில பகுதிகள் மாறின, கிராமப்புறச் சாண்டர்ஸ் உள்ளே வந்தது. வேறு வேறு எல்லைக்குள் இருக்கும் வேறு வேறு மக்களை ஒப்பிட்டு, மனம் மாறிவிட்டது என்றால் கணக்கு தப்பு. ஆனால் இன்னொன்றையும் பாருங்கள்: 2024-இல் நாடு முழுக்க ட்ரம்ப் பக்கம் சாய்ந்தபோது, இந்தத் தொகுதி அவ்வளவாகச் சாயவில்லை.

செனட்டுக்கு யாரோ கட்சியே இல்லாதவர் கிட்டத்தட்ட ஜெயிச்சாராமே?

ஆமாம், வாஷிங்டன் செனட்டுக்கு. டான் ஆஸ்போர்ன், இயந்திரத் தொழிலாளி. 2021-இல் ஒமாஹா கெல்லாக்ஸ் ஆலை வேலைநிறுத்தத்தை முன்னின்று நடத்தியவர். சுயேச்சையாக நின்று 46.5 சதவீதம் வாங்கினார். குடியரசுக் கட்சியின் டெப் ஃபிஷர் 53.2-இல் ஜெயித்தார். மாநில அளவில் ஹாரிஸ் வாங்கியது 39-க்குக் கொஞ்சம் குறைவு என்பதோடு ஒப்பிட்டால் இது எவ்வளவு பெரிய இடைவெளி என்று புரியும். மேலே சொன்ன மூட்டைக் கணக்கு இங்கேயும் பொருந்தும். ஜனநாயகக் கட்சி வேட்பாளரே இல்லாத அந்தப் போட்டியில், கட்சிப் பெயர் கழன்றதும் ஏழெட்டுப் புள்ளி நகர்ந்தது. முன்மொழிவுகளில் நடப்பதும் ஏறக்குறைய அதுதான்.

வேட்பாளருக்கு மட்டும் போட்டுட்டு முன்மொழிவை காலியா விட்டா ஓட்டு செல்லாதா?

செல்லும். நிரப்பியது எண்ணப்படும், காலியாக விட்டது எண்ணப்படாது. ஒரு நுணுக்கம் மட்டும் இருக்கிறது: இனிஷியேட்டிவ் ஜெயிக்கப் பெரும்பான்மை போதாது, ஆதரவு ஓட்டு அந்தத் தேர்தலில் பதிவான மொத்த ஓட்டில் 35 சதவீதமாவது இருக்க வேண்டும். நிறையப் பேர் காலியாக விட்டால் அந்த 35 எட்டாமல் போகலாம். 2024-இன் ஆறில் இது யாருக்கும் தடையாக வரவில்லை.

நான் எச்-1பி விசாவுல இருக்கேன். கிளிப்போர்டோட வந்து கேட்டா கையெழுத்துப் போடலாமா?

போடக் கூடாது. பதிவு பெற்ற வாக்காளர்தான் போட வேண்டும், வாக்காளராக அமெரிக்கக் குடிமகனாக இருக்க வேண்டும். கிரீன் கார்டு இருந்தாலும் முடியாது. வாங்குபவர் அவசரத்தில் கேட்காமலே பேனாவை நீட்டுவார், ஓட்டுரிமை இல்லை என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள். தெரியாமல் வாக்காளராகப் பதிவு செய்துகொள்வது பின்னால் குடியுரிமை விண்ணப்பத்தில் பெரிய தலைவலியாகும். குடியுரிமை வாங்கியவர்கள், 2024 முதல் வாக்குச்சாவடிக்குப் புகைப்பட அடையாள அட்டை கொண்டுபோக வேண்டும் என்பதை மறக்காதீர்கள். அதுவும் மேலே சொன்ன 2022 முன்மொழிவின் விளைவுதான்.

பேக்கன் இனி நிக்க மாட்டாராமே, அப்போ தொகுதி நீலமாயிடுமா?

2026-இல் போட்டியிடப் போவதில்லை என்று 2025 ஜூன் இறுதியில் அறிவித்தார். நடப்பு உறுப்பினர் இல்லாத இடத்தில் கட்சிப் பெயரின் எடை கூடும், அந்தக் கணக்கில் ஹாரிஸ், பைடன் எண்கள் ஜனநாயகக் கட்சிக்குச் சாதகம். ஆனால் அதிபர் தேர்தல் எண்ணை அப்படியே கீழவைக்குப் பொருத்தியவர்கள் 2020, 2022, 2024 என்று தொடர்ந்து மூன்று தடவை இங்கே ஏமாந்திருக்கிறார்கள். யார் நிற்கிறார் என்று பார்க்காமல் நான் பந்தயம் கட்ட மாட்டேன்.